சுமந்தவரின் மூன்று இரவுகள்

முதல் உலகப் போருக்குள் நாம் பெரும்பாலும் கவிஞர்களின் கையைப் பிடித்துக்கொண்டே நுழைகிறோம். வில்ஃப்ரெட் ஓவன், சீக்ஃப்ரீட் சஸூன். நாவல் என்றால் ரெமார்க். எழுத்தே தம் இயல்பாகக் கொண்டவர்கள் அவர்கள். பதுங்குகுழியின் சேறும் நச்சுவாயுவும் அவர்களுடைய மொழியின் வழியாகவே நமக்கு வந்து சேர்ந்தன. எழுத்தாளராக வேண்டும் என்று நினைத்தே இராத மனிதர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அவற்றை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுகிறோம். அப்படி விடப்பட்ட கடிதம் ஒன்றைப் பற்றியும், அதை எழுதிய விவசாயியைப் பற்றியும் இங்கு பேச விரும்புகிறோம். அவர் பெயர் சைமன் ஃப்ரேசர். 1916ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பிரான்சின் வடகோடியில் உள்ள ஃப்ரோமெல் என்னும் சிற்றூருக்கு எதிரே, ஆஸ்திரேலியக் காலாட்படையின் 57ஆம் பட்டாலியனில் அவர் சார்ஜண்ட்டாக இருந்தார்.

இந்தக் கடிதத்தை ஆஸ்திரேலியர்கள் நன்கு அறிவார்கள். அதிலுள்ள ஒரு வரி வெண்கலச் சிலையாகவே வார்க்கப்பட்டிருக்கிறது. எனினும் அந்த வரியை மட்டும் தனியே எடுத்துப் போற்றும்போது கடிதம் சொல்லும் மற்றொன்று காணாமல் போய்விடுகிறது என்பது நம் எண்ணம்.

விக்டோரியா மாநிலத்தின் மேற்கே, ஹாமில்டன் நகருக்குத் தெற்கில், பையடக் என்னும் ஊர் இருக்கிறது. என்றோ அணைந்துபோன எரிமலையின் குழம்பு ஓடி உறைந்த நிலம் அது. பாறைக்குகைகளுக்குப் பெயர் பெற்ற அவ்வட்டாரம் ஆட்டுக்கும் கம்பளிக்கும் பேர்போனது. ஃப்ரேசர் 1876இல் அங்கே பிறந்து, அங்கேயே விவசாயம் செய்துவந்தார். 1915ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கலிப்போலியிலிருந்து இறந்தவர்களின் பட்டியல்கள் நாளிதழ்களில் பத்தி பத்தியாக வந்துகொண்டிருந்த வேளையில், படையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களோடு கவாத்து பழகுவதற்கு அது எளிய வயதன்று. கட்டாயப்படுத்தி யாரும் அவரை அழைத்துப் போகவுமில்லை. ஆஸ்திரேலியாவில் அப்போது கடல்கடந்த போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. 1916 அக்டோபரிலும் 1917 டிசம்பரிலும் இருமுறை மக்களிடமே கேட்கப்பட்டு, இருமுறையும் அவர்கள் மறுத்துவிட்டனர். ஐம்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட அந்நாட்டிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாமாகவே பெயர் கொடுத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 60,000 பேர் திரும்பவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆஸ்திரேலியப் போர்வீரன் என்றாலே காட்டுவெளியில் குதிரையேறி வளர்ந்த, வெயிலில் காய்ந்த, அதிகாரிக்கு அடங்காத நாட்டுப்புற ஆள் என்றொரு சித்திரம் அந்நாட்டில் வேரூன்றிவிட்டது. அதிகாரபூர்வ வரலாற்றை எழுதிய சார்ல்ஸ் பீன் அதற்குப் பெரும் உரமிட்டவர். உண்மையில் கடல் கடந்து சென்றவர்களில் நிலத்தையும் மேய்ச்சலையும் நம்பி வாழ்ந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பட்டறைத் தொழிலாளர்கள், கூலிகள், எழுத்தர்கள் ஆகியோரே பெரும்பான்மை. ஃப்ரேசர் அந்தச் சித்திரத்தில் அச்சாகப் பொருந்திவிடுகிறார் என்பதாலேயே அவரை அணுகும்போது நாம் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. விவசாயி என்பதால் அவர் வீரர் ஆகிவிடவில்லை. ஆனால் அவர் செய்த வேலையின் தன்மையில் விவசாயியின் உடல் ஏதோ ஒரு விதத்தில் கலந்திருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. பாரம் எவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் கணிப்பதும், தன்னால் ஆகாது என்றால் ஆள் அழைத்து வருவதும், அழைத்து வருவேன் என்று சொன்னால் திரும்பி வருவதும் வயல்வேலையில் அன்றாடம் நடப்பவை.

கலிப்போலியிலிருந்து மீண்ட படைகள் எகிப்தில் கூடியபோது, பழைய பட்டாலியன்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, புதிய ஆட்களால் நிரப்பப்பட்டன. 5ஆம் பட்டாலியனில் பாதி 57ஆம் பட்டாலியன் ஆயிற்று. 6ஆம் பட்டாலியனில் பாதி 58. அப்படியே 59, 60. இந்த நான்கும் சேர்ந்து 15ஆம் பிரிகேட். அதன் தலைவர் ஹரோல்ட் எலியட் என்னும் வழக்கறிஞர். வாய்க்கு அஞ்சாத, உரக்கப் பேசுகிற, தன் ஆட்களிடம் பெரும்பற்றுக் கொண்ட மனிதர். பிரிகேட் அங்கம் வகித்த 5ஆம் டிவிஷன் 1916 ஜூன் மாத இறுதியில் பிரான்சை அடைந்தது. ஜூலை நடுவிலேயே போர்முனைக்கு வந்துவிட்டது. ஐரோப்பியக் களத்தில் வேறெந்த ஆஸ்திரேலிய டிவிஷனும் இவ்வளவு அனுபவக்குறைவோடு பெரிய தாக்குதலில் இறக்கப்படவில்லை.

தாக்குதலுக்கான காரணம் தெற்கே எண்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஜூலை 1ஆம் தேதி சோம் ஆற்றங்கரையில் தொடங்கிய பெரும்போரில் பிரிட்டிஷ் படை சிதைந்துகொண்டிருந்தது. அங்கே ஜெர்மானியர்கள் மேலும் ஆட்களை அனுப்பாமல் தடுக்க, ஃப்ரோமெல் பகுதியில் அவர்களைக் கட்டிப்போடுவது போல ஒரு தாக்குதலை நடத்த வேண்டும் என்பது திட்டம். வகுத்தவர் பிரிட்டிஷ் கோர் தளபதி ஹாக்கிங். இதே நிலத்தில் 1915 மே 9ஆம் தேதி பிரிட்டிஷார் ஒருமுறை முட்டி மோதித் தோற்றிருந்தனர். (அதற்கு இரு மாதங்கள் முன்பு, இங்கிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி நூவ் ஷபெலில் இந்தியப் படை போரிட்டது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இறந்து கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இன்று அங்குள்ள நினைவு வளாகத்தில் இருக்கின்றன. ஃப்ரோமெலுக்குச் செல்பவர்கள் அதையும் பார்த்துவர வேண்டும்.)

நில அமைப்பைச் சொல்லியாக வேண்டும். அது தட்டையான, நீர் ஊறும் பூமி. இரண்டடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும் என்பதால் அகழி தோண்ட இயலாது. மண்மூட்டைகளை அடுக்கி மார்பளவுக்கு மேல் சுவர் எழுப்பித்தான் இருதரப்பும் காவல் காத்தன. ஜெர்மானியர்கள் சற்றே உயர்ந்த மேட்டில் இருந்தார்கள். எதிரில் நடப்பது அனைத்தும் அவர்கள் பார்வையில் இருந்தது. அவர்களது அரணில் ஒரு முனை வெளியே பிதுங்கி நின்றது. பிரிட்டிஷார் அதற்கு இட்ட பெயர் சுகர்லோஃப். அங்கே இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. 15ஆம் பிரிகேட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அதற்கு நேர் எதிரே. இரு அரண்களுக்கும் இடைப்பட்ட நடுவெளி, இடக்கோடியில் நூறு மீட்டரே இருக்க, இங்கு நானூறு மீட்டர் அளவுக்கு விரிந்திருந்தது. கோடைகாலப் புல் ஆளை மறைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. நடுவே லாய்ஸ் என்னும் ஓடை.

எலியட் இதைக் கண்டவுடனே ஆபத்தை உணர்ந்தார். தலைமையகத்திலிருந்து வந்திருந்த ஹவர்ட் என்னும் பிரிட்டிஷ் மேஜரை முன்னணிக்கே அழைத்துச் சென்று நடுவெளியைக் காட்டி, மனத்தில் பட்டதைச் சொல்லும்படி கேட்டார். பெரும் படுகொலையாகத்தான் முடியும் என்பதே அந்த அதிகாரியின் பதில். அவர் திரும்பிச் சென்று மேலே தெரிவித்தார். தாக்குதல் நிற்கவில்லை. மழையாலும் மூடுபனியாலும் இரண்டு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

ஜூலை 19ஆம் தேதி முற்பகலில் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. மாலை ஆறு மணிக்கு, இன்னும் பல நாழிகை வெளிச்சம் மிச்சமிருக்கும் கோடை மாலையில், 59ஆம் 60ஆம் பட்டாலியன்கள் சுவரைத் தாண்டிப் புல்லுக்குள் இறங்கின. சுகர்லோஃபின் இயந்திரத் துப்பாக்கிகள் பழுதின்றி இருந்தன. அவ்விரு பட்டாலியன்களும் எதிரியின் அரணை அடையவில்லை. இடப்புறம் 14ஆம் 8ஆம் பிரிகேட்டுகள் ஜெர்மானிய அரணைக் கைப்பற்றி, அதன் பின்னால் இருப்பதாகச் சொல்லப்பட்ட அடுத்த அகழியைத் தேடி, வெறும் நீர்க்கால்களையே கண்டு, விடியும்வரை தாக்குப்பிடித்துப் பின்வாங்கின. வலப்புறத்தில் பிரிட்டிஷ் 61ஆம் டிவிஷன் இரவு ஒன்பது மணிக்கு மீண்டும் முயலப்போவதாகச் சொல்லியனுப்பியது. எலியட் தம் 58ஆம் பட்டாலியனின் பாதியை உதவிக்கு முன்னே விட்டார். பிரிட்டிஷார் அம்முயற்சியைக் கைவிட்டுவிட்டனர். அந்தச் செய்தி எலியட்டுக்கு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. 58இன் அந்த இரண்டு கம்பெனிகளும் தனியாகவே புல்வெளியில் நடந்து அழிந்தன.

ஓர் இரவில் ஆஸ்திரேலியர்களின் இழப்பு 5,533. இறந்தவர்கள், காயமுற்றவர்கள், காணாமற்போனவர்கள், சிறைப்பட்டவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். இறந்தோர் மட்டும் 1,900க்கும் அதிகம். 60ஆம் பட்டாலியன் ஒன்றே 757 பேரை இழந்தது. பிரிட்டிஷ் டிவிஷனின் இழப்பு 1,547. போயர் போர், கொரியப் போர், வியட்நாம் போர் மூன்றிலும் ஆஸ்திரேலியா இழந்தவர்களின் மொத்தத்துக்கு இது நிகர் என்பார்கள். அதிகாரபூர்வ அறிக்கையோ இதைச் சில முக்கியமான திடீர்த் தாக்குதல்கள் என்ற அளவில் குறிப்பிட்டு, பிடிபட்ட ஜெர்மானியர்கள் ஏறத்தாழ 140 பேர் என்பதைச் சேர்த்துக்கொண்டது. காலையில், எஞ்சித் திரும்பியவர்களின் கைகளைப் பற்றியபடி எலியட் கண்ணீர் விட்டு நின்றார்.

ஃப்ரேசரின் 57ஆம் பட்டாலியன் அன்று தாக்குதலில் இறக்கப்படவில்லை. காவல்வரிசையைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பே அதற்குத் தரப்பட்டிருந்தது. அதனால்தான் எதிரே வீழ்ந்து கிடந்தவர்களின் குரலைக் கேட்பதற்கு அவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

ஜூலை 20ஆம் தேதி பகலில் நிகழ்ந்த மற்றொன்றை இங்கு சொல்லாமல் ஃப்ரேசரின் கதையைச் சொல்ல முடியாது. சிலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். 29ஆம் பட்டாலியனைச் சேர்ந்த வில்லியம் மைல்ஸ் என்னும் சிப்பாய் தம் கேப்டனைத் தேடி நடுவெளிக்குள் சென்றார். ஜெர்மானிய அரணிலிருந்து பவேரிய அதிகாரி ஒருவர் அவரை அழைத்துப் பேசினார். பேசியதோடு நில்லாமல் தம் மேலிடத்தோடு தொலைபேசியில் தொடர்புகொண்டு, ஆஸ்திரேலிய அதிகாரி ஒருவர் வந்தால் காயமுற்றோரை எடுத்துச்செல்வது பற்றி ஏற்பாடு செய்யலாம் என்றார். மேஜர் அலெக்ஸாண்டர் முர்டாக், அவசரமாகச் செய்த செஞ்சிலுவைக் கொடியோடு சென்றார். நிபந்தனைகள் எளியவை. நடுவெளியின் அவரவர் பாதியில் அவரவர் ஆட்கள் காயமுற்றோரை எடுக்கலாம். அதுவரை முர்டாக் கண்கள் கட்டப்பட்டுப் பிணையாக இருக்க வேண்டும். முர்டாக் இதை மேலே தெரிவித்தார். இதற்கிடையில் எவரும் ஆணையிடாமலே துப்பாக்கிகள் ஓய்ந்தன. இருதரப்பிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து தூக்கத் தொடங்கினார்கள்.

5ஆம் டிவிஷனின் தளபதி மக்கே உடன்பட மறுத்தார். எதிரியோடு எவ்விதப் பேச்சும் கூடாதென்பது பிரிட்டிஷ் பொதுத் தலைமையகத்தின் கண்டிப்பான ஆணை. 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இருதரப்புச் சிப்பாய்களும் நடுவெளியில் கைகுலுக்கிக்கொண்டது மேலிடத்தைப் பெரிதும் கலக்கியிருந்தது. மக்கே விதியை மீறவில்லை, விதிப்படியே நடந்தார். அவரைத் தனியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் எளிதன்று. ஆனால் அந்த மறுப்பின் விளைவு மிகத் தெளிவானது. பகலில், வெளிச்சத்தில், தூக்குக்கட்டிலில், சில மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை இரவிலும் மூடுபனியிலும் தோளின்மீது மூன்று நாட்கள் நடந்தது. அந்த மூன்று நாட்களில் எத்தனையோ குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

அந்த வேலையைச் செய்த பலருள் ஒருவர் ஃப்ரேசர். அம்மாத இறுதியில் அவர் எழுதிய கடிதம் இதைத்தான் விவரிக்கிறது. அதன் தொனி நம்மைத் திகைக்க வைக்கிறது. ஆவேசம் இல்லை, புலம்பலும் இல்லை. விவசாயி ஒருவர் அறுவடையைப் பற்றி வீட்டுக்கு எழுதுவது போல இருக்கிறது. கனத்த ஆளை முதுகில் ஏற்றிக்கொண்டு வருவது இலேசான காரியமன்று என்கிறார். அதிலும் கையோ காலோ முறிந்தவரானால் மிகக் கடினம். முதலில் நாம் படுத்து, அவரை நம் முதுகில் ஏறச் செய்து, பிறகு எழுந்து, குனிந்தபடி ஓட வேண்டும். அரணை அடைவதற்குள் குண்டு பாயலாம். செய்முறை விளக்கம் போல, இவ்வளவே. தம் கம்பெனி மட்டும் ஏறத்தாழ 250 பேரை மீட்டுவந்ததாகக் கணக்குச் சொல்கிறார்.

ஒருநாள் விடியலில் மூடுபனி கவிந்திருந்தது. ஜெர்மானிய முள்கம்பிகளின் பக்கமிருந்து ஒருவர் தூக்குக்கட்டில்காரர்களை அழைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு எவராலும் சும்மா இருக்க முடியாது என்கிறார் ஃப்ரேசர். சிலர் ஓடிப்போய்த் தேடினார்கள். காயமுற்றோர் பலர் கிடைத்தார்கள், தூக்கி வந்தார்கள். ஆனால் அந்தக் குரலுக்குரியவர் அவர்களில் இல்லை. ஃப்ரேசர் மீண்டும் போனார். தொடையில் பெருங்காயத்தோடு, பள்ளம் ஒன்றுக்குள் ஊர்ந்துபோக முயன்றுகொண்டிருந்த ஆஜானுபாகுவான மனிதரைக் கண்டார். எடை பதினான்கு ஸ்டோன் இருக்கும் என்று மதிப்பிடுகிறார். நம் கணக்கில் ஏறக்குறைய 89 கிலோ. முதுகில் ஏற்ற முடியவில்லை. பழைய அகழி ஒன்றுக்குள் அவரை இறக்கிவிட்டு, அசையாமல் கிடக்கும்படியும் தூக்குக்கட்டிலோடு வருவதாகவும் சொல்லிப் புறப்பட்டார். அப்போது முப்பது கஜ தூரத்திலிருந்து இன்னொருவர் குரல் கொடுத்தார். தன்னை மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உள்ளே சென்ற ஃப்ரேசர், தாமாக முன்வந்த நால்வரோடும் தூக்குக்கட்டில்களோடும் திரும்பினார். இருவரும் பத்திரமாக வந்து சேர்ந்தனர்.

கடிதத்தில் அவ்விருவரின் பெயர்களும் இல்லை. ஃப்ரேசர் அவர்களைக் கேட்டிருப்பாரா என்பதும் தெரியவில்லை.

இரண்டாவது மனிதர் ஃப்ரேசரை விளித்த சொல் "காபர்". தோழன் என்று பொருள்படும் ஆஸ்திரேலியக் கொச்சை. இதை எப்படித் தமிழாக்குவது என்று நாங்கள் நண்பர்களுக்குள் வெகுநேரம் பேசியிருக்கிறோம். "நண்பா" என்றால் மேடையில் ஒலிப்பது போல் இருக்கிறது. "தோழா" என்பதில் கட்சிக்கொடியின் நிழல் விழுந்துவிட்டது. "கூட்டாளி" ஏறக்குறையச் சரி, ஆனால் இன்று அது வணிகத்துக்கும் குற்றத்துக்கும் உரியதாகிவிட்டது. தென்மாவட்டங்களில் வழங்கும் "சேக்காளி" என்பதே அருகில் வருகிறது என்பது எங்களில் பலரின் கட்சி. கூட உண்டு, கூடத் திரிந்து, கூட அடிவாங்கிய உறவு அதில் இருக்கிறது. ஆனால் அங்கே கிடந்தவர் ஃப்ரேசரை முன்பின் அறிந்தவராகக் கடிதம் காட்டவில்லை. மூடுபனியில் முகம்கூடத் தெரிந்திருக்குமா என்பது ஐயம். முகமறியாதவனைச் சேக்காளி என்று அழைக்கும் உரிமையை அந்த நிலம் அவருக்குக் கொடுத்திருந்தது.

பீன் தம் அதிகாரபூர்வ வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் இக்கடிதத்தை எடுத்தாண்டார். அத்தொகுதி வெளியானது 1929இல். பிறகு நெடுங்காலம் ஃப்ரோமெல் பெரிதாகப் பேசப்படவில்லை. கலிப்போலி ஒரு தேசத்தின் பிறப்புக்கதையாக வளர்ந்தது. ஃப்ரோமெல் வெட்கத்தோடு ஒதுக்கி வைக்கப்பட்டது. 1998 ஜூலையில்தான், அங்கே அமைக்கப்பட்ட ஆஸ்திரேலிய நினைவுப் பூங்காவில் பீட்டர் கார்லெட் வடித்த "காபர்ஸ்" சிலை திறக்கப்பட்டது. 57ஆம் பட்டாலியனின் ஃப்ரேசர், காயமுற்ற 60ஆம் பட்டாலியன் வீரரைத் தோளில் சுமந்து நிற்கிறார். பத்து ஆண்டுகளுக்குப் பின் அதன் மறுவார்ப்பு மெல்போர்ன் நகரின் நினைவாலயத்துக்கு அருகே வைக்கப்பட்டது.

நல்ல சிலை, அதை மறுப்பதற்கில்லை. வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுப்பது நாம் நன்கறிந்த மரபு, சுமந்தவனுக்கு எடுத்தது அரிது. கையில் ஆயுதம் ஓங்கி நிற்காத போர்ச்சிலை என்பதே ஒரு ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலில்தான் நமக்குச் சிறிய உறுத்தலும் இருக்கிறது. இரண்டு மனிதர்கள் மட்டுமே இருக்கும் சிலையில், அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய மூன்றாமவருக்கு இடமில்லை. முர்டாக்கின் கொடி அதில் இல்லை; பேசத் தயாராக இருந்த பவேரியர் இல்லை; வேண்டாம் என்று வந்த ஆணையும் இல்லை. தோழமை எவ்வளவு உயர்ந்தது என்று வியந்தபடி நாம் நகர்ந்துவிடுகிறோம். அந்தத் தோழமைக்கு ஏன் அப்படியொரு தேவை ஏற்பட்டது என்று கேட்பதில்லை. ஃப்ரேசர் குனிந்து ஓடிய ஒவ்வொரு முறையும், ஓட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வழி முந்தின பகலிலேயே திறந்து மூடப்பட்டிருந்தது. கடிதத்தில் அவர் இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதாததை அவர் வாயில் திணிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் படிக்கும் நாம் அதை அறிந்தே படிக்க வேண்டும்.

இன்னொரு சிறு தகவல்: பூங்கா இருக்கும் இடம் இடப்புறத்துப் பிரிகேட் கைப்பற்றி ஓரிரவு வைத்திருந்த ஜெர்மானிய அரண். ஃப்ரேசர் உழைத்த புல்வெளி அங்கிருந்து மேற்கே, சுகர்லோஃபின் பக்கம். சிலையின் இடம் வசதிக்காகத் தேர்வானதாக இருக்கலாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

எட்டாதவர்கள் எட்டாதவர்களாகவே கிடந்தார்கள். 1918 நவம்பர் 11, போர் முடிந்த அந்த நாளிலேயே பீன் ஃப்ரோமெலுக்குச் சென்றார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் நடுவெளி முழுவதும் எலும்புகளும் கந்தலான சீருடைகளும் சிதறிக் கிடப்பதைக் கண்டார். பின்னர் திரட்டப்பட்ட 410 பேர் அருகிலுள்ள வி.சி. கார்னர் கல்லறையில் இருக்கிறார்கள். ஒருவரையும் அடையாளம் காண முடியவில்லை. எனவே அங்கே தலைமாட்டுக் கற்களே கிடையாது; புல்தரையில் படுக்கவைத்த இரண்டு பெரிய கற்சிலுவைகளும், பெயர்கள் பொறித்த சுவரும் மட்டுமே.

ஜெர்மானிய அரணுக்குப் பின்னால் இறந்தவர்களின் கதை வேறு. அவர்களை ஃபெசன்ட் வுட் என்னும் சிறு காட்டின் ஓரத்தில் பெருங்குழிகளில் புதைக்கும்படி பவேரிய கர்னல் ஃபான் பிரவுன் ஜூலை 21ஆம் தேதி ஆணையிட்டிருந்தார். நானூறு பேருக்கு இடம் வேண்டும் என்பது அவர் மதிப்பீடு. அந்தக் குழிகள் எவர் நினைவிலும் இல்லாமல் போயின. கிரேக்கக் குடும்பத்தில் பிறந்த மெல்போர்ன் பள்ளி ஆசிரியர் லாம்பிஸ் எங்லேஸோஸ், காணாமற்போனோர் எண்ணிக்கையும் அறியப்பட்ட கல்லறைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்பதை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவர் அல்லர் என்று முதலில் அவரைப் பலர் பொருட்படுத்தவில்லை. 2008இல் சோதனைக்காகத் தோண்டியபோது அவர் சொன்னது உறுதியாயிற்று. 2009இல் 250 உடல்கள் எடுக்கப்பட்டன. புதிய கல்லறை அமைத்து, 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொருவராக அடக்கம் செய்தார்கள். கடைசி ஒருவரை மட்டும் நிறுத்திவைத்து, ஜூலை 19 அன்று, போர் நிகழ்ந்த அதே நாளில் அடக்கம் செய்தனர். மரபணுச் சோதனையால் 170க்கும் மேற்பட்டோர் பெயர் பெற்றுவிட்டார்கள்.

250 என்ற எண் ஃப்ரேசரின் கடிதத்திலும் இருந்தது. தற்செயல்தான். இதில் பொருள் தேடுவது நாவலாசிரியரின் வேலை. நாம் குறித்துவிட்டுக் கடந்து செல்கிறோம்.

பெரும்பிழையின் பொறுப்பு பின்னாளில் எவரையும் பெரிதாகப் பாதிக்கவில்லை, எலியட் ஒருவரைத் தவிர. ஃப்ரோமெல் அவரை விடவே இல்லை. செனட்டராக இருந்த காலத்திலும் அதைப் பற்றிப் பேசினார். 1931இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஃப்ரேசர் அதிகாரியாகப் பதவி உயர்வு பெற்று, 58ஆம் பட்டாலியனுக்கு மாற்றப்பட்டார்; ஒன்பது மணிச் செய்தி வராததால் பாதியை இழந்த அதே பட்டாலியன். 1917 மே மாதம், புல்லெகூர் என்னும் ஊருக்காக நடந்த இரண்டாவது போரில் கொல்லப்பட்டார். தெற்கே அந்த ஊரிலும் கார்லெட் வடித்த ஆஸ்திரேலிய வீரர் சிலை ஒன்று நிற்கிறது. அது ஃப்ரோமெல் சிலைக்கு ஆறு ஆண்டுகள் மூத்தது. அதில் நிற்பவருக்குப் பெயரில்லை.

ஃப்ரேசரின் உடலும் கிடைக்கவில்லை. பிரான்சில் இறந்து கல்லறை இல்லாத ஆஸ்திரேலியர்கள் பதினோராயிரத்துக்குச் சற்றே குறைவானவர்களின் பெயர்கள் வில்லே-பிரெத்தொனோ நினைவுச் சுவரில், பட்டாலியன் வாரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 58ஆம் பட்டாலியனின் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது.